எண்ணச் சொல்வதா, சும்மா கேட்க விடுவதா?

ஸ்கிசோஃப்ரினியா போன்ற மனநோய்களில் மூளை ஒலியை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க, இ.இ.ஜி. (தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவது) ஆய்வாளர்கள் அதிகம் எடுத்துக்கொள்வது இரண்டு அலைகளை: பி300, எம்.எம்.என். (மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி). ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஓர் அறையில் இதைச் செய்வதானால் எதை எடுப்பது?

இரண்டிலும் ஒரே ‘பீப்’ திரும்பத் திரும்பக் கேட்கும். இடையிடையே வேறு சுருதியில் ஒன்று வரும். பி300-க்கு அந்த வேற்று ஒலியை எண்ண வேண்டும், அல்லது பட்டனை அழுத்த வேண்டும். ஒலி வந்து சுமார் 300 மில்லிசெகண்டில் அலை எழும். 1965-லேயே அறியப்பட்டது, அளவிலும் பெரியது. ஸ்கிசோஃப்ரினியாவில் அது சிறுத்துப்போவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மாத்திரை மயக்கத்தில் இருப்பவர் ஒழுங்காக எண்ண மாட்டார். அலை சின்னதாக வந்தால் காரணம் நோயா, தூக்கமா?

எம்.எம்.என்.-இல் அந்தத் தொல்லை குறைவு. சத்தமில்லாத படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். 100 முதல் 250 மில்லிசெகண்டுக்குள் மூளை தானாகவே வித்தியாசத்தைப் பிடித்துவிடும். ஆனால் அலை சில மைக்ரோவோல்ட்தான். நிறைய ஒலிகளுக்குச் சராசரி எடுத்தால்தான் தெரியும். மலைக்குளிர் விளையாடுவது இங்கேதான். பல் தந்தியடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் அலையை விழுங்கிவிடும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி, கம்பளி போர்த்தி, அறையை ஹீட்டரில் சூடாக்கி, அப்புறம் அதை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதிலிருந்தும் வந்து பதிவில் கலக்கும்.

என் ஓட்டு எம்.எம்.என்.-க்குத்தான். நேரமிருந்தால் பி300-ஐயும் சேர்க்கலாம். ஆனால் இரண்டுமே குழுக்களை ஒப்பிடத்தான் உதவும். இந்த அலையை மட்டும் வைத்து ஒருவருக்கு இன்ன நோய் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.