தலைக்காயத்துக்குப் பின்: ஐ.க்யூ. சோதனையா, கதை சொல்லவைப்பதா?

விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கியதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பழையபடி படிப்பானா?" பேச்சு, மொழிச் சிகிச்சையாளராக இதற்குப் பதில் தேட என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஐ.க்யூ. சோதனை. மற்றது, கேட்டறியாத கதையொன்றைச் சொல்லி, திரும்பச் சொல்லவைத்து, அதன் சாரத்தைக் கேட்பது. சில ஆண்டுகளாக இரண்டாவதையே முதன்மையாகக் கொண்டிருக்கிறேன்.

ஐ.க்யூ. சோதனையின் பலம் எல்லோரும் அறிந்ததே. பரவலாகப் பயன்படும் ஐ.க்யூ. சோதனையான வெக்ஸ்லர் அளவையில் சராசரி 100. ஒப்பிட எண் கிடைக்கிறது. அந்த அளவையைத் தழுவி நாக்பூரில் மாலின் என்பவர் உருவாக்கிய இந்திய வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை அளக்கும் பகுதிகள் காயத்தின் மந்தத்தை நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

சிக்கல் வேறிடத்தில். சொற்பொருள், பொது அறிவு ஆகிய பகுதிகள் அடிபடுவதற்கு முன் சேர்த்த சேமிப்பையே பெரிதும் அளக்கின்றன. அந்தச் சேமிப்பு பல பிள்ளைகளிடம் காயத்திலிருந்து தப்பிவிடுகிறது. மதிப்பெண்ணைப் பார்த்து வீட்டார் நிம்மதி அடைவார்கள். பிள்ளையோ வகுப்பில் திணறுவான்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் படகோட்டி பற்றிய கதையொன்றைச் சொன்னேன். படகின் நிறம்வரை வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னான். "இந்தக் கதை என்ன சொல்ல வருகிறது?" என்றதும், கடைசி வாக்கியத்தையே மறுபடி ஒப்பித்தான். அவனுடைய ஐ.க்யூ. சராசரிக்குள்தான் இருந்தது. பாடத்தில் எது முக்கியம் என்று பிரித்தெடுக்க முடியாத பிள்ளைக்கு அந்த எண்ணால் என்ன பயன்? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் சாண்ட்ரா சாப்மன் நடத்திய ஆய்வுகளும், கடுமையான தலைக்காயம் பட்ட பிள்ளைகள் சாரத்தைப் பிடிப்பதில் தடுமாறுவதைக் காட்டியுள்ளன. சிறு வயதில் பட்ட அடியின் விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெரிவதும் உண்டு; மேல்வகுப்புக்குப் போகப்போகப் படிப்பு சாரத்தைத்தானே கேட்கிறது! அதனால் ஆண்டுதோறும் புதுக் கதையோடு பார்க்கிறேன். காக்கா, வடைக் கதை உதவாது. அதன் நீதி முன்பே மனப்பாடம்.

என் கதைகளுக்கு வயதுவாரியான அளவுகோல் கிடையாது. அதே வகுப்பில் படிக்கும் பிற பிள்ளைகள் சொன்னவற்றைப் பதிவுசெய்து பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். எட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் எனக்கு அனுபவம் குறைவு. நாக்குத் தசை தளர்ந்து பேச்சே குழறும் பிள்ளையிடம் படங்களை அடுக்கச் சொல்கிறேன். அங்கே என் முடிவை மட்டும் நம்பாமல் உளவியலாளரின் சோதனையையும் கேட்டு வாங்குகிறேன்.