லண்டன் வாப்பிங் வாக்கிங் டூர்: பணம் கட்டுமுன் படியுங்கள்

லண்டன் போகிறவர்கள் கவனத்துக்கு. ‘பழைய துறைமுகப் பகுதியின் கட்டடங்களும் சமூக வரலாறும்’ என்று விளம்பரம் செய்து, வாப்பிங் பக்கம் நடத்திக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆளுக்கு 22 பவுண்டு. நானும் அக்காவும் போனோம், பணம் தண்டம்.

ஆரம்பித்ததே அரை மணி நேரம் தாமதம். இருபது பேருக்கு மேல் கூட்டம், மைக் கிடையாது. பின்னால் நின்றால் கைடின் தொப்பி மட்டும் தெரியும்.

செயின்ட் கேத்தரின் டாக்ஸ் என்ற பழைய கப்பல்துறையில் நிற்கும் உல்லாசப் படகுகளைக் காட்டி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான். 1828இல் திறந்த அந்தத் துறைக்காக 1,250 வீடுகளை இடித்து, 11,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். குடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நஷ்டஈடு கூடக் கிடைக்கவில்லை. அக்கா அதைப் பற்றிக் கேட்டதற்கு, “அது சோகமான விஷயம் மேடம், மூட் போய்விடும்” என்று பதில். சமூக வரலாறு என்று போட்டுக் காசு வாங்கியவர் சொல்கிற பேச்சா இது?

வாப்பிங் ஹை ஸ்ட்ரீட்டில் பழைய கிடங்குகள் இன்னும் நிற்கின்றன. சில கிடங்குகளில் மாடிக்கு மாடி சுவரில் கதவு இருக்கும். வெளியே கால் வைக்கப் படி இருக்காது. சரக்கை கிரேனில் தூக்கி நேரே அந்தக் கதவு வழியாக உள்ளே இழுப்பார்கள். ஆலிவர்ஸ் வார்ஃப் என்ற தேயிலைக் கிடங்கு 1972இலேயே குடியிருப்பாக மாறிவிட்டது. இதில் ஒரு வார்த்தை வரவில்லை. தினக்கூலிக்காக விடிகாலையில் துறைமுக வாசலில் முண்டியடித்த தொழிலாளிகள், மணிக்கு 6 பென்ஸ் கேட்டு 1889இல் நடத்திய வேலைநிறுத்தம், எதுவும் இல்லை.

மாறாக, ஆற்றங்கரை பப் ஒன்றின் பின்னால் தொங்கும் தூக்குக் கயிற்றைக் காட்டி, கடற்கொள்ளையர் கேப்டன் கிட் கதையை முக்கால் மணி நேரம் ஓட்டினார். கிட்டைத் தூக்கிலிட்டது 1701இல். அந்தக் கயிறே இதுதான் என்று கூசாமல் சொன்னார்! அது சும்மா அலங்காரத்துக்குக் கட்டியது. அப்புறம் எல்லோரும் பீர் வாங்கலாம் என்றார், நம் காசில். பட்டியலில் இருந்த கேபிள் ஸ்ட்ரீட் சுவரோவியம்? நேரமாகிவிட்டதாம். 1936இல் பாசிஸ்டுகளின் ஊர்வலத்தை மக்கள் மறித்த தெரு அது. நாங்கள் போனதே அதற்காகத்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘பாதை மாறுதலுக்கு உட்பட்டது’ என்று இரண்டு வரி மின்னஞ்சல். அதோடு விடவில்லை. சொன்ன சேவையைத் தராவிட்டால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்க, அங்கே 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதைக் குறிப்பிட்டு மறுபடி எழுதி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு வங்கியிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

டூர் எடுப்பதானால் கைடிடம் புளூ பேட்ஜ் (பயிற்சியும் தேர்வும் முடித்த கைடுகளுக்குத் தரும் சான்று) இருக்கிறதா, எத்தனை பேரைச் சேர்ப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் கைடு என்று போர்டு போட்டுக்கொள்ளலாம். துறைமுக வரலாறு வேண்டுமானால் டாக்லாண்ட்ஸ் மியூசியம் இலவசம்; பழைய சர்க்கரைக் கிடங்குக்குள்ளேயே இருக்கிறது, அடிமை வணிகத்தையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

வங்கியிலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.