தோள் கீஹோல் ஆபரேஷன்: 5-க்கு 3

பைக்கிலிருந்து விழுந்து வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில், சின்னத் துளைகள் வழியாக அதைத் தைக்கும் கீஹோல் ஆபரேஷன் செய்துகொண்டேன். பெயர் வேண்டாம், சண்டை போட இதை எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம், நர்ஸுகள் பொறுமைசாலிகள், சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை, மூன்றாம் நாளே ஸ்லிங்கில் கையைத் தொங்கவிட்டபடி கடலூர் பஸ் ஏறிவிட்டேன் (வீட்டில் இன்றுவரை திட்டு).

வம்பு அப்புறம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மரத்துப்போக வைக்கிறார்கள், அது ஒரு நாளில் தெளிந்துவிட வேண்டும். எனக்கு விரல், முழங்கை எல்லாம் தெளிந்தது, ஆனால் தோளுக்குச் சற்றுக் கீழே, போலீஸ் சட்டைக் கையில் பேட்ஜ் தைத்திருக்குமே, அந்த இடத்தில் மட்டும் சட்டை உரசுவதே தெரியவில்லை. இரண்டு முறை செக்கப்பில் சொன்னேன். இரண்டு முறையும் "ஊசியோட எஃபெக்ட் சார், போயிடும்" என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. மூன்று வாரத்துக்கு அப்புறமுமா ஊசி எஃபெக்ட்?

கண்டுபிடித்தது மஞ்சக்குப்பத்தில் நான் போகும் பிசியோ தம்பி. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினார், குண்டூசியால் லேசாகக் குத்தினார், எனக்குத் தெரியாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "அண்ணே, அக்சிலரி நரம்பா இருக்கும், நரம்பு டெஸ்ட் கேளுங்க." தோள் எலும்பின் விளிம்பிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே ஓடும் நரம்பாம் அது. துளை போடும்போதோ கையை இழுத்துக் கட்டி வைக்கும்போதோ அடிபடலாம். அபூர்வம்தான், பெரும்பாலும் அறுபடுவதில்லை, இழுபட்டு வேலைநிறுத்தம் செய்துவிட்டுச் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். தொல்லை என்னவென்றால் கையைத் தூக்கும் தசைக்கும் அதே நரம்புதான், நாமோ வாரக்கணக்கில் ஸ்லிங்கில் இருப்பதால் கை எழாதது நரம்பாலா தையலாலா என்றே தெரியாது.

டெஸ்டில் நரம்பு அறுபடவில்லை என்று வந்தது. ஐந்து மாதத்தில் தலை சீவ முடிந்தது. ஃபைலைப் புரட்டினால், நான் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் படிவத்தில் 'நெர்வ் இஞ்சுரி' பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது! அதைத் தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்திருக்க மாட்டேன்.

சரி, ஆபரேஷனுக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மரப்பு இருந்தால் மட்டும் வாயால் சொல்லாதீர்கள், வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். மூன்றாவது முறை சட்டையைக் கழற்றி அந்த வட்டத்தைக் காட்டிய பிறகுதான் டாக்டர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்.