அல்சூர் மாடியில் மணிக்கு 600 ரூபாய்: ஒரு குரல் பதிவு அறை

பத்து வருடமாக அடுத்தவர் குரலுக்கு வாய் வரைந்துகொண்டிருக்கிறேன். பெங்களூரில் 2டி ஸ்டுடியோக்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். வெளிநாட்டில் ஆங்கிலக் குரல் பதிவாகி, காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டோடு நம் மேஜைக்கு வரும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஃபிரேம் ஃபிரேமாக உதட்டை அசைப்போம். போன வருடம்தான் சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். தமிழில், 7 நிமிடக் கார்ட்டூன். 2024 கோடையில் எங்கள் தெருவே டேங்கருக்காகக் காத்துக் கிடந்தபோது மனதில் விழுந்த கதை. இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள்தான் கதாபாத்திரங்கள். நிறைந்திருப்பவள் ரொம்பி, காலியாக இருப்பவன் காலி.

கதை எழுதியாயிற்று, கதாபாத்திரங்களின் முகங்களையும் வரைந்தாயிற்று. குரலுக்கு யாரைத் தேடுவது என்று யோசித்து, கடைசியில் நானே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து போனில் பதிவு செய்து பார்த்தேன். குக்கர் விசில் கேட்டது, பக்கத்து வீட்டு நாய் கேட்டது, நான் கேட்கவில்லை. அப்புறம்தான் இந்தக் குரல் பதிவு அறைக்குப் போனேன். அல்சூர் ஏரிப்பக்கம் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம், ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. மூன்று சனிக்கிழமை, மொத்தம் ஆறு மணி நேரம் அங்கே பதிவு செய்திருக்கிறேன்.

உள்ளே நின்று பேசுகிற பூத் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். சுவர் முழுக்க பஞ்சுப் பலகை, அதன் மேல் துணி. தரையில் கனமான ஜமுக்காளம், கதவில் இரட்டைக் கண்ணாடி. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் காது அடைத்த மாதிரி இருக்கும். முதல் நாள் என் வளையல் சத்தமே பெரிதாகக் கேட்டது. வளையலைக் கழற்றினேன். அடுத்து ஸ்கிரிப்ட் தாள் சரசரத்தது. இரண்டாம் வாரம் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி அட்டையில் ஒட்டிக்கொண்டு போனேன், பருத்திக் குர்தாதான் போட்டுக்கொண்டேன். வாயில் எச்சில் 'டிக் டிக்' என்று விழுவதற்குப் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நன்றாகவே வேலை செய்கிறது.

அறையைப் பார்த்துக்கொள்வது கோலார் தங்கவயல் தமிழ்ப் பையன் ஒருவன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இந்த இடத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணமே அவன்தான். இரண்டாம் வாரம் நிஜமான காலி கேன் ஒன்றையே தூக்கிக்கொண்டு போனேன். காலி பேசும்போது அந்த வெற்றிடம் கேட்க வேண்டும் என்று ஆசை. கேன் வாயில் என் வாயை வைத்துப் பேசினேன். அடியில் 'ஹூம்' என்று ஒரு முழக்கம் வந்தது, ஆனால் சொல்லே புரியவில்லை. கசடதபற எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. நாலு டேக் அப்படியே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் சொன்னான்: "அக்கா, கேனுக்குள்ள பேசாதீங்க. கேன் பக்கத்துல நின்னு பேசுங்க. கேன் கேக்கட்டும்."

சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றை ஒயரோடு கேனுக்குள் தொங்கவிட்டான். பெரிய மைக் என் முகத்துக்கு நேரே இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து, கேனுக்குள் கேட்டதை அடியில் கொஞ்சமாகக் கலந்தான். அந்த ஐந்தாவது டேக்கில் காலி பிறந்துவிட்டான். ஹெட்ஃபோனில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வரைந்து வைத்திருந்த முகம் அந்தக் குரலுக்குப் பொருந்தவே இல்லை. வீட்டுக்கு வந்து புருவத்தை மாற்றி வரைந்தேன்.

டப்பிங்கில் படம் முதலில் இருக்கும், குரல் அதற்குள் அடங்க வேண்டும். சொந்தக் கார்ட்டூனில் குரல்தான் முதலில். எழுதுகிறவர், வரைகிறவர், பேசுகிறவர் ஒரே ஆளாக இருந்தால் மூன்றும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே வரும். இப்படி வேலை பார்த்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் மிஸ்டர் லாரன்ஸ் என்று பெயர் போட்டுக்கொள்ளும் டக் லாரன்ஸ். 1993-இல் தொடங்கிய 'ராக்கோஸ் மாடர்ன் லைஃப்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் ஃபில்பர்ட் என்ற ஆமைக்குக் குரல் கொடுத்தார். அதே தொடரில் அவரோடு வேலை பார்த்த ஸ்டீஃபன் ஹில்லன்பர்க் 1999-இல் 'ஸ்பாஞ்ச்பாப்' தொடங்கியபோது அதில் எழுதவும் செய்தார், ஒற்றைக்கண் பிளாங்டனாகப் பேசவும் செய்தார். அலெக்ஸ் ஹிர்ஷும் அப்படித்தான். 2012-இல் வந்த 'கிராவிட்டி ஃபால்ஸ்' தொடரை உருவாக்கியவரே ஸ்டான் தாத்தாவாகவும் சூஸாகவும் பில் சைஃபராகவும் பேசினார். இங்கே நம் ஊரில் வரைகிறவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

இந்தப் பதிவுகளால் எனக்குக் கிடைத்த இன்னொரு பெரிய லாபம் தமிழ் வாய். எந்த ஒலிக்கு வாயை எப்படி வரைவது என்று காட்டும் வாய்ப்பட்டியல் ஒன்று உண்டு, நாங்கள் பழகியிருப்பது ஆங்கிலத்துக்குப் போட்டது. கீழுதட்டைப் பல் கடிக்கிற எஃப் வாய் அதில் உண்டு, நமக்கு அது அபூர்வம். நமக்கு வேண்டியது 'ப்ப', 'ம்ம' மாதிரி இரட்டிப்பு. காலி ஓரிடத்தில் "என்னை யாரும் தூக்கவே மாட்டாங்களாப்பா" என்கிறான். அந்த 'ப்பா'வில் உதடு எத்தனை ஃபிரேம் மூடியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், சாதாரணமாகச் சொன்ன டேக்கில் 4. ஏங்கி இழுத்துச் சொன்ன டேக்கில் 7. அந்த 7 ஃபிரேம் மூடிய உதட்டில்தான் மொத்த வருத்தமும் இருக்கிறது. இரண்டு ஃபிரேமில் வாயைத் திறந்துவிட்டால் அது தமிழாகவே தெரியாது. பத்து வருடத்தில் இதை நான் கவனித்ததில்லை.

பதிவு முடிந்த அன்று மாலையே ஃபைல்கள் வந்துவிடுகின்றன. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ், அதாவது சுருக்காத ஒலி. ஒவ்வொரு வசனமும் தனி ஃபைல், பெயரில் காட்சி எண்ணும் டேக் எண்ணும். ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக்கணக்கோடு ஓடவிடும் அனிமேட்டிக்கில் அப்படியே தூக்கி வைத்துவிடலாம். நான் கேட்காமலே அவன் செய்தது இது.

குறைகளும் உண்டு. காலை 9 மணிக்குக் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் ஓடும். சுவர் வழியாக மெல்லிய ரீங்காரம் பதிவில் ஏறுகிறது, பதினைந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்த நேரத்துக்குக் காசு பிடிப்பதில்லை என்பது ஆறுதல். ஏசி சத்தம் போடுவதால் டேக் ஓடும்போது அணைத்துவிடுகிறார்கள், இருபது நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். ஒருமுறை கரண்ட் போய் ஒரு நல்ல டேக்கே காணாமல் போனது. யுபிஎஸ் வைத்திருந்தும் ரெக்கார்டிங் பெட்டியை அதில் இணைக்காமல் விட்டிருந்தார்கள். அதைக் கவனமில்லாமை என்றுதான் சொல்வேன், அவனிடமும் சொன்னேன், அடுத்த வாரம் இணைத்திருந்தான். பூத்துக்குள் படம் பார்க்கத் திரை கிடையாது, அதனால் டப்பிங் செய்கிறவர்களுக்கு இது உதவாது. வண்டி நிறுத்த இடமில்லை. அல்சூர் மெட்ரோவில் இறங்கி நடப்பதே நல்லது.

மணிக்கு 600, யுபிஐயில் வாங்கிக்கொள்கிறார்கள். காலை 7 மணிக்கு எடுத்தால் மோட்டார் தொடங்குவதற்குள் இரண்டு மணி நேரம் சுத்தமாகக் கிடைக்கும். நான் அந்த நேரத்தைத்தான் பிடிப்பேன்.

வரும் சனிக்கிழமை அம்மாவை அழைத்துப் போகிறேன். கேன்களுக்குப் பாட்டியாக ஒரு பித்தளைக் குடம் வருகிறது, அதற்கு அம்மா குரல்தான். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான், அம்மாவுக்கு முட்டி வலி வேறு. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொன்னேன். "போட்டுடறேன் அக்கா, அம்மாவுக்கு வெந்நீரும் வெச்சிடறேன்" என்றான்.