அமெரிக்கக் கடற்படை மானியம் எடுத்துத் தருவதாக 385,000 ரூபா விழுங்கிவிட்டார்கள் – திருமலைப் பட்டறைக்காரர் கவனம்

385,000 ரூபா. நாங்கள் மூன்று தடவையாகப் போட்ட காசு. நேற்றுப் பின்னேரத்தோடு காசு வாங்கியவனின் போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

கந்தோரின் பெயரை இங்கே போடவில்லை. வெளிநாட்டு மானியம் எடுத்துத் தருகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடும் ஆலோசனைக் கந்தோர், அவ்வளவுதான். பைபர் வள்ளம் செய்யும் பட்டறைகளையும் ட்ரோன் திருத்தும் பெடியன்களையும் தேடித்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் எஸ்பிஐஆர் என்று ஒரு திட்டமாம், பாதுகாப்புத் தொழில்நுட்பம் செய்யும் சிறு நிறுவனத்துக்கு அரசாங்கமே காசு தருமாம், துறைமுகம் பார்க்கும் ஆளில்லாப் படகுக்கு 150,000 டொலர் நிச்சயமாம்.

திட்டம் பொய்யில்லை. 1982இல் தொடங்கியது. வெளியாருக்குக் கொடுக்கும் ஆராய்ச்சிச் செலவு 10 கோடி டொலரைத் தாண்டும் அமெரிக்க அரச நிறுவனங்கள் அதில் 3.2 வீதத்தைச் சிறு கம்பனிகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பனியில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது நிரந்தர வதிவுரிமை உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும். வேலையும் அமெரிக்காவுக்குள் நடக்க வேண்டும். "அமெரிக்காவில டெலவெயார் மாநிலத்தில உங்கட பேரில ஒரு கம்பனி பதிஞ்சாச் சரி அண்ணை" என்றான் அந்தக் கந்தோர்க்காரன். சரியே இல்லை. எங்கே பதிந்தாலும் பங்கு ஆரின் கையில் என்றுதான் பார்ப்பார்கள்.

நம்ப வைத்தது ஒரு சின்ன விஷயம். காசைக் கையில் நீட்டியபோது வாங்கவில்லை. "கையில வேண்டாம், பாங்கில போடுங்கோ, நாளைக்கு உங்களுக்கும் அத்தாட்சி வேணும்தானே." கள்ளன் இப்படிக் கதைப்பானா என்று நினைத்தாயிற்று. சிலிப்பில் இருந்தது கந்தோரின் பேரில்லை, தனி ஆளின் பேர். மடித்து வைக்கும்போதும் கண்ணில் படவில்லை.

முதல் 85,000 சாம் தளத்தில் பதிவதற்கு, அதாவது அமெரிக்க அரசாங்கத்தோடு வேலை செய்ய விரும்பும் நிறுவனங்கள் பதியும் இணையத்தளத்தில். அந்தப் பதிவு இலவசம். இலங்கைக் கம்பனியும் என்கேஜ் எண் (வெளிநாட்டு நிறுவனங்களுக்கான குறியீட்டு எண்) எடுத்து அதில் பதியலாம், அதற்கும் காசில்லை. ஆனால் பதிந்ததால் எஸ்பிஐஆர் தகுதி வந்துவிடாது. பதிந்ததற்குச் சான்று என்று அவன் தந்த எண் 9 இலக்கம். அது நிறுவனங்களை அடையாளம் காண முன்பு பாவித்த டன்ஸ் எண்ணின் வடிவம். 2022 ஏப்ரலிலேயே அதைக் கைவிட்டு, எழுத்தும் இலக்கமும் கலந்த 12 இட யூஇஐ எண்ணுக்கு மாறிவிட்டார்கள்.

அடுத்த 120,000 திட்ட முன்மொழிவு எழுத. அதில் தலைப்பு எண், அதாவது எந்த ஆராய்ச்சி அழைப்புக்கு விண்ணப்பிக்கிறோம் என்று காட்டும் எண், என்222 என்று தொடங்கியது. என் என்றால் கடற்படை, 22 என்றால் 2022, கடைசி 2 அந்த ஆண்டின் இரண்டாம் சுற்று. எப்போதோ மூடிய தலைப்பு! முதற்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. இதற்காக வள்ளத்தின் அடிப்பாக வரைபடம், புரொப்பெல்லர் தண்டின் சீல் அளவுகள், பற்றரிப் பெட்டி இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அனுப்பியது வேறு. காசை விட அதுதான் வயிற்றை எரிக்கிறது.

கடைசி 180,000 "முற்பணம் விடுவிக்கும் வைப்பு". இந்தத் திட்டத்தில் காசு தர அமெரிக்க அரசாங்கம் வைப்புக் கேட்காது.

பிறகு சாட்டுகள். முதலில் "அங்க இப்ப இரவு". பிறகு "பென்டகனில லீவு". பிறகு "சிஸ்டம் அப்டேட்". ஒரு கிழமை கழித்து, தலைமைக் கந்தோரில் கேட்கச் சொல்லி ஒரு நம்பர். அதை எடுத்தவனின் குரலும் இவனின் குரலும் ஒன்று. கடைசியாக, "385,000 எல்லாம் ஒரு காசா அண்ணை, 150,000 டொலர் வரப்போகுது" என்று வொய்ஸ் நோட். அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பும் மெசேஜுக்கு ஒற்றைச் சரி அடையாளம் மட்டும்தான், அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தது, இப்போது மனம் ஓடவில்லை. பதிவுக்கு, விண்ணப்பத்துக்குக் காசு கேட்டால் எழும்பி வாருங்கோ. தலைப்பு எண்ணை வாங்கி, திறந்திருக்கிறதா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத் தளத்தில் நீங்களே பாருங்கோ. வரைபடம் கொடுக்காதேங்கோ. காசு போயிருந்தால் அன்றைக்கே பாங்கில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கோ. ஒன்லைனில் போட்டது நொடியில் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

நாளைக்குக் காலமை பொலிஸுக்குப் போகிறோம். இந்தக் கதையை வேறு ஆராவது கேட்டு, காசும் கொடுத்திருந்தால் சிலிப்பை எடுத்துக்கொண்டு வாருங்கோ, ஒன்றாகவே முறைப்பாடு போடலாம்.