கடலூரில் கடை, ஆபீஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பிரிண்டர் செட்டப் செய்ய வருகிறவரிடம் ஏமாறாதீர்கள்

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை நடத்துகிறேன். கலெக்டர் ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் வருகிறவர்கள் ஆதார், பட்டா, எஃப்ஐஆர் நகல் என்று எல்லாவற்றையும் கடை மெயிலுக்கு அனுப்பி அச்சடித்து வாங்கிப் போவார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தாலும், கடையில் இருக்கும் இரண்டு வைஃபை பிரிண்டர்களிலும் அச்சடிக்க முடிய வேண்டும். நான் கேட்ட வேலை இவ்வளவுதான்.

வந்தவர், "மெயில் சாஃப்ட்வேர்ல நெட்வொர்க் பிரிண்டர் வரணும்னா தனியா லைசென்ஸ் வாங்கணும் சார்" என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் போட்டுத் தந்தது தண்டர்பேர்ட். மொசில்லா இலவசமாகத் தருகிற மென்பொருள் அது. பிரிண்டருக்கென்று அதில் லைசென்ஸே கிடையாது. விண்டோஸில் எந்தப் பிரிண்டரைச் சேர்த்திருக்கிறோமோ, அது தண்டர்பேர்டிலும் தானாகவே தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கும் அப்படித்தான்.

அதோடு முடியவில்லை. கரண்ட் போய் வந்தால் போதும், பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும். வாசலில் மனுவோடு ஆட்கள் நிற்பார்கள். அவருக்குப் போன் போட்டால் வருவார், ஐந்து நிமிடம் எதையோ தட்டுவார், 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த தடவை கரண்ட் போனால் மறுபடியும் அதே கதை.

காரணத்தைக் கண்டுபிடித்தது புதுச்சேரியில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் அக்கா மகன். பிரிண்டருக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுப்பது வைஃபை ரூட்டர். அணைந்து எரியும்போது அந்த முகவரி மாறிவிடலாம். நேற்று 192.168.1.5 என்றிருந்தது இன்று 192.168.1.8 ஆகியிருக்கும். கம்ப்யூட்டரோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை ரூட்டரில் பதிந்து, அதற்கு ஒரே ஐபியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. வரும்போதெல்லாம் புது எண்ணை மட்டும் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்தே விட்டுவைத்த கோளாறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, நாங்கள் அனுமதி கொடுக்காமலே அவர் உள்ளே வருகிற மாதிரி நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்திருந்தார். கடையின் ஜிமெயில் பாஸ்வேர்டையும் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தார். தண்டர்பேர்டில் ஜிமெயிலைச் சேர்க்கும்போது கூகுளின் லாகின் பக்கமே திறக்கும். கடைக்காரர் தன் கையாலேயே பாஸ்வேர்டை அடித்துவிடலாம். அதை இன்னொருவர் எழுதி எடுத்துப் போகத் தேவையே இல்லை. அந்த மெயிலில் இருப்பது என் கடைக் கணக்கு மட்டும் இல்லை. நம்மை நம்பி அனுப்பிய ஊர்க்காரர்களின் ஆதாரும் நிலப் பத்திரமும் இருக்கின்றன.

இப்போது பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அந்த ரிமோட் மென்பொருளையும் நீக்கிவிட்டோம். கூகுள் கணக்கில் தெரியாத சாதனங்களை வெளியேற்றினோம். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வேர்டிங் பகுதியையும் பார்த்துவிடுங்கள். நமக்கு வரும் மெயில் சத்தமில்லாமல் வேறு முகவரிக்குப் போகும்படி அங்கே வைக்க முடியும்.

இவர் இன்னும் இந்தப் பக்கத்து ஆபீஸ்களுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். யாரை அழைத்தாலும் சரி, லைசென்ஸ் என்று பணம் கேட்டால் எந்த மென்பொருளுக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ரூட்டர், பிரிண்டர் இரண்டையும் அவர் எதிரிலேயே அணைத்துப் போட்டு, ஒரு மெயிலை அச்சடித்துப் பாருங்கள். அப்புறம் பிரிண்டருக்கு ஐபி ஒதுக்கியிருப்பதை ரூட்டர் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மெயிலிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ எதாவது பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.