பழைய பெஜோ சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

பாரிசில் பழைய பிரெஞ்சு சைக்கிள் வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 1970களின் தொடக்கத்தில் வந்த பெஜோ பிஎக்ஸ்-10. அப்பா பாண்டிச்சேரியிலிருந்து இங்கே வந்த புதிதில் பழையதாக வாங்கியது. ஸ்ட்ராங்லைட் கம்பெனியின் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), மாஃபாக் கம்பெனியின் பிரேக் எல்லாம் அப்படியே இருந்தன. அப்பா போன பிறகு நான் ஓட்டுகிறேன்.

போன வசந்தத்தில் பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' சத்தம். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தது. ஒரு பக்கக் கிராங்க் மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தே ஆடின. அப்படியென்றால் கோளாறு பாட்டம் பிராக்கெட்டில், அதாவது ஃப்ரேமின் அடியில் கிராங்குகள் சுழலும் அச்சுப் பகுதியில்.

நகரின் கிழக்குப் பக்கம் ஒரு கடையில் விட்டேன். வண்டியைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தேய்ந்துவிட்டது, புதுசு போட வேண்டும், 110 யூரோ" என்றார்கள். சரி என்றேன். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது கழற்றிய பழைய கப்புகளையும் (ஃப்ரேமின் ஓட்டையில் இரண்டு பக்கமும் திருகும் மூடிகள்) ஆக்சிலையும் (நடு அச்சு) கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார்கள். ரசீதும் இல்லை, கார்டு தேய்த்த சீட்டு மட்டும்தான்.

மூன்றே வாரம். வலது பக்கக் கப் தானாகக் கழன்று வெளியே வந்து நின்றது, செயின் உரச ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோனால், "பழைய ஃப்ரேம், மரை போய்விட்டது, எங்கள் தப்பில்லை. வேண்டுமானால் 30 யூரோவுக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். அப்பாவின் வண்டிக்கு 30 யூரோ! வயிறு எரிந்தது. ஒன்றும் பேசாமல் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டுப் பக்கத்தில், நாமே ரிப்பேர் செய்துகொள்ளும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அங்கே உதவிக்கு வரும் ஒரு பெரியவர் மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு கழற்றிக் காட்டினார். மரை பிடிக்கட்டும் என்று அப்பிய பசை நீலமாகக் காய்ந்து கிடந்தது. அதற்கடியில் கிரீஸோடு பிசைந்த இரும்புப் பொடி. விரல் நடுவே வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. உள்ளே போட்டிருந்த கார்ட்ரிட்ஜின் (அச்சும் பேரிங்கும் சேர்ந்து ஒரே உருளையாக வரும் பாகம்) முகத்தில் 1.37 x 24 என்று அங்குலக் கணக்கில் அச்சடித்திருந்தது. அது இங்கிலீஷ் மரை.

பிரெஞ்சு மரை வேறு. விட்டம் 35 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். முக்கியமாக இரண்டு பக்கமும் வலது மரை, அதாவது கடிகாரமுள் திசையில் திருகினால் இறுகுவது. இங்கிலீஷில் விட்டம் 34.8தான், செயின் இருக்கும் வலப்பக்கம் இடது மரை, எதிர்த்திசையில் இறுகுவது. இடப்பக்கம் இங்கிலீஷ் கப் மூன்று நான்கு சுற்று ஏறிப் பிறகு இறுகிவிடும். சேர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். செயின் பக்கம் அப்படி ஏறவே ஏறாது. அதனால் இவர்கள் இருந்த வலது மரையின் மேலேயே இடது மரை வெட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே 35 இருக்கும் ஓட்டையில் 34.8க்கு வெட்டினால் பிடிக்க இரும்பு எங்கே இருக்கும்? மரையெல்லாம் சின்னச் சின்ன டைமண்ட் துண்டுகளாக நறுங்கிக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. செயின் பக்கம் வலது மரையாக இருப்பதால், மிதிக்க மிதிக்க அந்தக் கப் மெல்லத் தளர்வது பிரெஞ்சு வண்டிகளின் பழைய குணம். கழற்றித் துடைத்து, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல பேரிங் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, வலது கப்பை முழு பலத்தோடு இறுக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். என் வண்டிக்கும் அது போதுமாக இருந்திருக்கும் என்றார் பெரியவர். பழைய கப்புகள் கையில் இல்லாததால் அதைச் சரிபார்க்கக்கூட வழியில்லை.

அவர் இரண்டு வழி சொன்னார். 36 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டலாம். இல்லையென்றால், மரையே தேவைப்படாமல் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றோடொன்று திருகிக் கவ்விக்கொள்ளும் கார்ட்ரிட்ஜ் போடலாம். ஃப்ரேமில் இனி ஒரு துளி இரும்பையும் சுரண்ட எனக்கு மனமில்லை. இரண்டாவதையே போட்டோம். இப்போது ஆட்டமே இல்லை.

உங்கள் வண்டியைக் கொடுக்கும் முன், "செயின் பக்கக் கப்பை எந்தத் திசையில் கழற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். எதையும் பார்க்காமல் "கடிகாரமுள் திசையில்" என்று பதில் வந்தால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அது இங்கிலீஷ் வண்டிக்கான பதில். பிரெஞ்சு மரையில் அப்படித் திருகினால் கப் இன்னும் இறுகத்தான் செய்யும். மோட்டோபெக்கான் என்ற இன்னொரு பிரெஞ்சு கம்பெனியின் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அவற்றில் சிலவற்றில் சுவிஸ் மரை உண்டு: அளவு அதே 35 x 1, ஆனால் செயின் பக்கம் இடது மரை. கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 25 யூரோவும் அதற்கு மேலும் ஆகும் வேலைக்கு நீங்கள் கேட்காவிட்டாலும் கடைக்காரர் ரசீது தர வேண்டும் என்பது இங்கே விதி. எனக்கு அது அப்போது தெரியாது.

பதிவுத் தபாலில் கடைக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். நுகர்வோர் புகார்களுக்கான அரசுத் தளமான சிக்னல் கோன்சோவிலும் புகார் பதிந்தாயிற்று. அந்த கார்ட்ரிட்ஜையும் இரும்புப் பொடியையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட.